பீரோவுக்குள் எரிந்த பல்பு

கோடைக்கானலில் குடியிருப்பவர்களுக்குத் திருட்டுப் பயத்தைவிட ஈரத்தின் பயம் பெரிது. மழைக்காலத்தில் செருப்பில் பூஞ்சை, கல்யாண ஆல்பத்தில் பூஞ்சை, பைபிள் அட்டையில்கூடப் பூஞ்சை. அதற்கு எங்கள் ஊர் வைத்தியம், மர பீரோவுக்குள் ஒரு நாற்பது வாட் பல்பை இரவும் பகலும் எரியவிடுவது. கம்பளி, கேமரா, சர்டிஃபிகேட் என்று கெட்டுப்போகக் கூடாத எதுவும் அந்த பீரோவுக்குள் போய்விடும். என் ஃப்ளாப்பிகளும் போயின.

எண்பதுகளின் கடைசி அது. ஒரு மிஷன் பள்ளியில் நான் தாவரவியல் டீச்சர், தற்காலிகம். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் எம்.ஃபில். முடித்தாக வேண்டும். சோலைக்காட்டு மரங்களில் ஒட்டி வளரும் பாசிகளைப் பற்றி ஆய்வு செய்தேன். பூண்டிக்கும் கவுஞ்சிக்கும் பஸ் ஏறிப் போய், அட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்து, மரம் மரமாக அளந்து எழுதியது. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்கள். இதைப் பள்ளியில் எல்லோரும் என்னிடம் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள்.

பள்ளியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்குப் பொறுப்பு என் கணவர். மாலையில் நான் அதில் தட்டிக்கொள்ளலாம் என்று பிரின்சிபால் அம்மா அனுமதித்திருந்தார். தட்டி முடித்த கையெழுத்துத் தாள்கள் எங்கே என்று கேட்பீர்கள். மழைநாளில் எங்கள் விறகு லேசில் பற்றாது, காய்ந்த காகிதம் கிடைத்தால் விடமாட்டோம். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்ல" என்று இவர் தாள்களை வெந்நீர் அடுப்பில் வைத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு மத்தியானம் பள்ளிக்குப் பக்கத்தில் இடி விழுந்தது. கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. என் ஆய்வு இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது. மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் புது போர்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார், ஸ்வெட்டர் இல்லாமல், பல் கிட்டித்துக்கொண்டு. "இது புது மாடல் மேடம், பழசெல்லாம் இதுகிட்ட நிக்காது" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

போர்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை. வயரைக் கழற்றி மாட்டினார், மறுபடியும் அதே கதை.

"பழைய போர்டோட கருகின டிஸ்க் கார்டு எழுதினதை இந்தப் புதுக் கார்டு படிக்காது சார்" என்றார் இவரிடம். "டிஸ்க்கைச் சுத்தமா ஃபார்மட் பண்ணிட்டு, மெஷினை ஓட்டற டாஸை முதல்லேர்ந்து ஏத்தணும். உள்ள இருக்கறது எல்லாம் போயிரும். பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன், கலெக்டர் தோரணையில்.

வீட்டுக்கு ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன். இருப்பதிலேயே முக்கியமான பொருள் என்பதால், ஆய்வை நகல் எடுத்த ஃப்ளாப்பிகளைப் பல்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. ஈரமே உணவாக வாழும் பாசியைப் பற்றி எழுதிவிட்டு, அதை ஈரத்துக்குப் பயந்து சூட்டில் வாட்டியிருக்கிறேன். பள்ளிக்குக் கொண்டுபோய் அகராதியை மேலே வைத்து அழுத்திப் பார்த்தோம். ஒன்றுகூட டிரைவுக்குள் ஒழுங்காகச் சுற்றவில்லை.

"பழைய போர்டு மாதிரியே வேற ஒண்ணு கிடைச்சா இந்த டிஸ்க்கைப் படிச்சிரலாமா?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

"கிடைச்சா படிக்கலாம் மேடம். மதுரையில தேடணும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பிரின்சிபால் அம்மா வந்துவிட்டார். "டீச்சர், எக்ஸாம் வந்திருச்சு. கொஸ்டின் பேப்பர் அடிக்கணும். வேற டிஸ்க்னா மெட்ராஸ்லேர்ந்து வரணுமாம். உங்க பாசிக்காக ஸ்கூல் மெஷினைச் சும்மா போட்டு வைக்க முடியுங்களா?" கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் தன்மையாகக் கேட்டார்.

எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. கீபோர்டு முன்னால் இவர்.

"ஏங்க, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்க."

"என் கையில என்ன இருக்கு, சொல்லு. ரெண்டு பேர் சோலியும் இங்கதான ஓடுது."

என் முகத்தைப் பார்க்காமலே, எஸ் என்பதற்கான ஒய் பட்டனைத் தட்டினார். அந்த நிமிஷம் அந்த மனுஷனை நான் வெறுத்தேன். அதை இன்றைக்கும் இல்லையென்று சொல்லமாட்டேன்.

டிஸ்க் கரகரவென்று அழிந்தது. பிறகு டாஸ் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார்கள். அவை பள்ளி ஆபீசில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தவை, பூஞ்சை புள்ளி வைத்தவை. இன்ஜினியர் சட்டை நுனியால் துடைத்துப் போட்டார், எல்லாம் ஓடின. டீ குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். கொஸ்டின் பேப்பர் அழகாக அச்சாகி வந்தது.

அப்புறமும் நான் சோலைக்குப் போனேன். முதல் மரத்தை அளக்கும்போதே தெரிந்துவிட்டது, மாதக் கடைசிக்குள் ஒரு அத்தியாயம்கூடத் தேறாது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மாதம் முடிந்ததும் பிரின்சிபால் அம்மா கூப்பிட்டார். "நீங்கதான் வெரசா அடிப்பீங்க. இதைக் கொஞ்சம் அடிச்சுக் குடுத்திருங்க." பேப்பரில் போடுவதற்கான விளம்பரம். தாவரவியல் ஆசிரியை தேவை, எம்.ஃபில். கட்டாயம். உட்கார்ந்து அடித்தேன். இன்ஜினியர் சொன்னது பொய்யில்லை, புது போர்டு பறந்தது.

பிரின்சிபால் அம்மா தாளை வாங்கி, படித்து, தலையாட்டினார். "அப்படியே ஃப்ளாப்பியிலயும் ஒண்ணு எடுத்து வச்சிருங்க டீச்சர். அழிஞ்சு கிழிஞ்சு போயிரப் போகுது."

எடுத்து வைத்தேன்.