மதினி நோயாளியாக இருந்த மத்தியானங்கள்

பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் அட்டைக்கு ஒரு நோயாக எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஆறாத சர்க்கரைப் புண், ஒன்றில் நெஞ்சுவலி, இன்னொன்றில் ஊசி என்றாலே ஓடும் கிழவர். மொத்தம் இருபது அட்டைகள். அத்தனை நோயையும் ஒற்றை ஆளாகத் தாங்கியவர் என் கணவரின் அக்கா. எனக்கு மதினி.

செவிலியர்கள் வெளிநாட்டில் வேலைக்குச் சேர ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அதன் பேச்சுப் பகுதியில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நாம் அவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றதெல்லாம் தேறிவிட்டு, இதில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் தவறினால் கைக்கு வந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். தேறினாலோ, நான்கு வயது மகளை மதினியிடம் விட்டுவிட்டு நான் முதலில் போய், பிறகு அவளை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கணவர் லாரியில் போகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மதினிக்குப் பிள்ளை இல்லை. கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருந்தார்.

மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. திண்டுக்கல்லில் காலை டியூட்டி முடிந்து கன்னிவாடி பஸ் பிடித்து நான் வீடு வந்து சேரும்போது, சின்ன வெங்காயக் குவியலின் முன்னால் உட்கார்ந்து அதன் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருப்பார். நான் ஆங்கிலத்தில் கேட்டு, அதையே தமிழிலும் சொல்வேன். அவர் அட்டையைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்வார். நெஞ்சுவலிக்காரராக அவர் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்ததும் உண்டு.

முதல் நாள் அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "ஒன்னும் இல்லம்மா, பயப்படாதீங்க, சரியாப் போயிரும்" என்பதை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒப்பித்து முடித்தேன். மதினி கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, எனக்கு என்னன்னே நான் இன்னும் சொல்லலையே. அதுக்குள்ள ஒன்னும் இல்லைங்கிற?"

இரண்டு முறை நான் ஏன் தோற்றேன் என்று அப்போதுதான் உறைத்தது. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கும் வார்டில், பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே காலம் தள்ளியிருந்தேன். சொல்லும்போது அன்பாகத்தான் சொல்வேன். ஆனால் கை அதற்குள் அடுத்த கட்டிலின் கோப்பைப் பிரித்திருக்கும். அன்றிலிருந்து நான் அவசரப்படும்போதெல்லாம் மதினி கத்தியின் பிடியால் தரையைத் தட்டுவார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைய அட்டை, ஆபரேஷனுக்குப் பயப்படும் பெண். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு என்ன கவலையா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மதினி அட்டையைப் பார்க்கவே இல்லை.

"புள்ள என் கைச் சோத்துக்குப் பழகிருவா. ரெண்டு வருசத்துல நீ வந்து கூட்டிட்டுப் போயிருவ. பெறகு நான் யாருக்கு ஆக்கிப் போடுவேன்? அம்புட்டுத்தான் பயம்."

பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இதுக்கு இங்கிலீசுல என்ன சொல்லுவ, சொல்லு" என்றார்.

இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெங்காயம் அறுக்கிற இடத்தில் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குவியல் தீரும் வரை இருவரும் அறுத்தோம். மறுநாள் மதினியே என்னைக் கூப்பிட்டு அடுத்த அட்டையை எடுக்கச் சொன்னார். நான் தேறினால் தன் கையைவிட்டுப் பிள்ளை போய்விடும் என்று தெரிந்தே, கடைசி அட்டை வரைக்கும் நோயாளியாக உட்கார்ந்தார். அந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

தேறினேன். போனேன். சொன்னபடியே இரண்டு வருடத்தில் வந்து மகளை அழைத்துக்கொண்டேன். மதினி விமான நிலையத்துக்கு வரவில்லை. களை எடுக்க ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் எங்கள் வெங்காயக் காட்டில் களையே இல்லை என்று கணவர் பிறகு சொன்னார்.

சென்ற வாரம் இங்கே மகளுக்குக் காய்ச்சல். நான் ஈரத்துணியை நெற்றியில் போட, அவள் கண்ணைத் திறக்காமலே "அத்தை" என்று முனகினாள். பொய் சொல்வானேன், சுருக்கென்றது. ஆனாலும் போனை எடுத்து மதினியைக் கூப்பிட்டேன்.

"காய்ச்சல்ல உங்களைத்தான் தேடுறா மதினி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மதினி, "குடு அவகிட்ட" என்றார். போனை மகளின் காதருகே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.