நல்ல கண்ணுக்கு மருந்து

எனக்கு அப்போது ஏழே முக்கால் வயது. என் இடது கண் சோம்பேறிக் கண் என்று கண்டுபிடித்தவர் ஒரு சிங்கள டாக்டர். வலது கண்ணே எல்லாவற்றையும் பார்த்துவிடுவதால் இடது கண் வேலைக்கு வராமல் படுத்துக்கிடக்கிறதாம். காத்தான்குடியில் எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சோம்பேறி என்ற பட்டம் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

டாக்டர் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "சனி, ஞாயிறு ஒரு சொட்டு. நல்ல கண்ணுக்கு விடுங்க. எட்டு வயசுக்குப் பொறகு கஷ்டம்" என்றார். மருந்தில் நல்ல கண் மங்கினால்தான் சோம்பேறி எழும்பி வேலை பார்க்கும். உம்மாவின் காதில் விழுந்ததோ, "நல்லாக் கண்ணுக்கு விடுங்க." ஒரேயொரு அரவுதான், ஒரு துணைக்கால்தான் கூட.

முதல் சனிக்கிழமை உம்மா என்னைக் கதிரையில் இருத்தி இடது இமையைப் பிரித்தார்.

"உம்மா, நல்ல கண்ணுக்குத்தானே விடச் சொன்னாரு?"

"நல்ல கண்ணுக்கு எந்த விசரன் மருந்து விடுவான்? சும்மா அண்ணாந்து இரி புள்ள."

அதோடு வாயை மூடிக்கொண்டேன். வலது கண் தெளிவாக இருந்தது. கார்ட்டூனுக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு எனக்கென்ன வந்தது? உம்மாவோ பிஸ்மி சொல்லி, மூன்று மாதம் ஒரு வாரமும் தவறாமல் விட்டார். வேறெந்த வேலையையும் அவர் இத்தனை ஒழுங்காகச் செய்து நான் கண்டதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அடுத்த கிளினிக்கில், எந்தக் கண்ணுக்கு விட்டீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். உம்மா பெருமையோடு என் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தாதிதான் விளக்கினார். "படுத்துக் கெடந்த கண்ணுக்கு நீங்க போர்வையும் போத்தி உட்டிருக்கீங்க."

பிறகு வலது கண்ணுக்கு விட்டோம். இடது கண் கொஞ்சம் எழும்பிப் பாதியில் நின்றுவிட்டது. இப்போதும் வலது கண்ணை மூடினால் உம்மாவின் முக்காடு தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உம்மா அந்த டாக்டரின் தமிழைத் திட்டுவார். திட்டி முடித்து, "என்ட கையாலதானே கெடுத்தன்" என்று அழுவார். அன்று நான் கேட்டதை அவர் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. எட்டு வயதுக்குப் பிறகு ஒன்பது வரும் என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணுக்கு அது வராது என்று தெரியவில்லை.