ஆன்டெனா பிடித்த கை

அமெரிக்காவில், எங்கள் சுகர் லேண்ட் வீட்டு கராஜில் பழைய டிவி சூடேறி, தூசி கருகும் வாசனை வந்தது. அதில் நெளியும் கோடுகளை நேரலையாக விஆர் ஹெட்செட்டுக்குள் ஓடவிடுவது என் கணவரின் வீக்எண்ட் கலைப் பைத்தியம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "சுமதி, ஆன்டெனாவைப் பிடிச்சு மெல்ல அசை. உள்ள அலை அலையா வரும்," என்றார்.

சின்ன வயதில் தூத்துக்குடியில், கொதிக்கும் மொட்டைமாடியில், இலங்கை டிவிக்காக நான் பிடித்து நின்ற துருப்பிடித்த ஆன்டெனாக் கம்பி நினைவுக்கு வந்தது. கீழே அப்பாவும் அண்ணன்களும் படம் பார்ப்பார்கள்.

"தெரியுதாப்பா?"

"ஏட்டி, அப்படியே நில்லு. அசையாத."

கையை எடுத்தால் படம் நெளியும், வசவு விழும். ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை. கிளைமாக்ஸை அண்ணன் சோறு தின்றுகொண்டே சொல்வான்.

அன்று நெளிந்ததற்கு வசவு. இன்று அதுதான் கலையாம்.

அவர் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன்.

"நீங்க பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது."