மலையிலிருந்து வந்த ஒறம்பரை

எங்கள் வீட்டில் காப்பி வியாபாரம் நடக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள்தான் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல இருந்தோம். வறுக்கிற வாசனையை எந்தச் சுவர் மறைக்கும்? கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டத்து வீடு. கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில், நான் பின்கட்டில் அடுப்பு மூட்டினால் சாலையில் போகிற வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். யாராவது கேட்டால் என் கணவர், "ஊட்டுச் செலவுக்கு வறுக்கறாங்க" என்று சொல்லிவிடுவார். வீட்டில் இருந்தது அவர், நான், அவருடைய தங்கை, ஆக மூன்று பேர். வாரத்துக்கு ஒரு மூட்டை காப்பி குடிக்கிற மூன்று பேர்.

அவர் கெட்டவர் இல்லை. நிலம் உள்ள வீட்டுப் பெண் தராசு பிடிக்கிறாள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். கிணறு வற்றி இரண்டு போகம் போனபோது, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் இல்லை. என் கையில் தராசைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிடுவார். அந்த வருஷங்களில் எங்கள் மாடுகள் குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

நான் பிறந்தது உடுமலைப் பக்கம். மலைமேல் இருக்கும் காந்தலூரிலிருந்து பூண்டும் பீன்ஸும் கொண்டு சந்தைக்கு இறங்கி வரும் பெண்களைச் சிறு வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். அவர்களில் ஒருவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவரை இழந்தவர். சரிவில் பூண்டு, அதற்கு மேலே மரநிழலில் காப்பி என்று தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதுகளில் காப்பியை நினைத்தபடி விற்க முடியாது. அரசாங்கக் கிடங்கில் போட வேண்டும். வீட்டுச் செலவுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொஞ்சம்தான் மலைப் பெண்களின் கையில் இருந்தது. அதையும் ஒரு வியாபாரி செடி பூத்திருக்கும்போதே வந்து, கைச்செலவுக்கு ஏதோ கொடுத்து, காய்க்கும் முன்பே தனதாக்கிக்கொள்வான். பூவிலேயே கைமாறிய காப்பிக்குப் பறிக்கிற வேலை மட்டும் அவர்களுடையது.

அந்த வியாபாரியிடமிருந்து அதை நான் திருப்பினேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் வரும். காய்ந்த பிறகு, கண்ணெதிரே எடை போட்டு, அன்றைக்கே கையில் பணம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் மேலும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார். சின்னாற்றிலும் கோபாலபுரத்திலும் செக்போஸ்ட்காரர்கள் கேட்டால், சொந்தக்காரர் வீட்டுக்கு ஆளுக்கொரு பை வீட்டுக் காப்பி கொண்டுபோகிறோம் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அதே பதில்தான். வந்தவர்கள் என் தாய்வீட்டு வழி ஒறம்பரை. ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவு, விருந்தாளி இரண்டும்தான். ஆகவே வாசலில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, பாய் போட்டு, கறிக்குழம்பு வைத்து, இரவு தங்கவைத்து, காலை முதல் பஸ்ஸுக்கு வெற்றிலை பாக்கோடு அனுப்புவேன். நடுவில் பின்கட்டில் எடை நடக்கும். போகப் போக அது வேஷமாகவே இல்லை. அக்கா வந்தால் என் தலையைப் பிடித்துப் பேன் பார்ப்பார். என் நாத்தனாருக்கு நெல்லிக்காய் கொண்டுவருவார்.

அந்த நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த நாளில்தான் அது நடந்தது.

பங்குனி வெயில். கடலைக் காட்டில் பிடுங்கல் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சிக்குக் கிழக்கே நல்ல நிலபுலம் உள்ளவர்கள். மறுநாள் வருவதாக இருந்தவர்கள், நல்ல நேரம் மாறிவிட்டதென்று ஒரு நாள் முன்னதாகவே வண்டி கட்டி வந்து இறங்கிவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடைக்கு ஆட்டி, நாத்தனாருக்குத் தலைவாரி, காப்பிக்குத் தண்ணீர் வைத்து நிமிர்ந்தால் வாசலில் அக்காவும் மற்ற மூவரும். தலையில் பைகள். அவர்கள் வருகிற நாள் அதுதான் என்பது அந்த அவசரத்தில் எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் முன் அறையில் நாற்காலியில் இருந்தார். என் கணவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் கதவோரம் தட்டத்தோடு. வெயிலில் கறுத்து, புழுதி படிந்து, சேலையைத் தூக்கிச் செருகியிருந்த நான்கு பெண்களையும் அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"கடலைக்கு ஆளு வந்திருக்குதாட்ட இருக்குது," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பங்குனியில் கடலைக் காடு உள்ள வீட்டு வாசலில் அப்படி நாலு பேர் நின்றால் யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். ஒறம்பரை என்று சொன்னால், எந்த ஊர், என்ன முறை, எந்தக் குலக் கூட்டம் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். சம்பந்தம் பேச வந்தவர்கள் அதையெல்லாம் கேட்கத்தானே வருகிறார்கள். பொய் உறவு இரண்டாம் கேள்வியிலேயே உடைந்துவிடும். வியாபாரம் என்று சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

"ஆமாங்க. கடலை புடுங்கத்தேன் வந்தோம். காடு எந்தப் பக்கமுங்க?"

என்னைத்தான் கேட்டார். முகத்தில் எதுவும் இல்லை. "மேக்காலைங்க, கெணத்துக்கு அக்கட்டால," என்றேன். பைகளைச் சோற்று மூட்டை மாதிரி மாட்டுக்கொட்டகை ஓரம் வைத்துவிட்டு நால்வரும் போனார்கள். எனக்கு மூச்சு வந்தது. அதை எப்படிச் சொல்ல? நெஞ்சு லேசாகி, நல்லவேளை, நல்லவேளை என்று உள்ளே அடித்துக்கொண்டது. அடுத்த கணமே அந்த நல்லவேளையை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சம் அன்று முழுவதும் இறங்கவில்லை.

போனவர்கள் கிணற்று நிழலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பின்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் காடு தெரியும். நால்வரும் பிடுங்க வந்திருந்த பக்கத்து ஊர்ப் பெண்களோடு வரிசையில் குனிந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் என்றால் ஒறம்பரையை அடையாளம் கண்டிருப்பார்கள். மலைக் குளிரில் வாழ்ந்தவர்கள். அந்த வெயிலில் அவர்களில் இளையவள் அடிக்கொருதரம் நிமிர்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வது தெரிந்தது. சொந்தச் சரிவும் சொந்தச் செடியும் உள்ளவர்கள். எங்கள் காட்டில் கூலிக்காரர்களாக மண்ணை உதறிக்கொண்டிருந்தார்கள்.

முன் அறையில் காப்பி குடித்து முடித்த அந்த அம்மாள் டம்ளரை வைத்துவிட்டு, "காப்பி மணமா இருக்குதுங்க. எங்கீங்க வாங்கறீங்க?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்பே நாத்தனார், "பொள்ளாச்சியிலிங்க," என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவளுடைய வாழ்க்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவளை நான் என்ன சொல்ல?

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டோம். பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் போய்விடுவார்கள். அவர்கள் உட்கார்ந்தார்கள். என் கணவரின் முகம் மலர்ந்தது. நான் பரிமாறினேன். காட்டுக்கு ஆள்களுக்கு என்ன அனுப்புவது வழக்கமோ அதைத்தான் அன்றும் அனுப்ப வேண்டியிருந்தது. கம்மஞ்சோறும் மோரும் வெங்காயமும். அந்த நால்வருக்காக நான் நினைத்து வைத்திருந்த கோழி முன் அறை இலைகளில் இருந்தது. வடையில் நாலை எடுத்துச் சோற்றுக்குள் புதைத்தேன். பிறகு மற்றப் பெண்கள் பார்த்தால் ஏன் அவர்களுக்கு மட்டும் என்று பேச்சு வருமே என்று நினைத்து, திரும்ப எடுத்துவிட்டேன். அந்த வடைகளை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. வண்டி சாலை ஏறியதும் நான் காட்டுக்கு ஓடினேன். என் கணவரும் பின்னால் வந்தார். அவருக்கும் சங்கடம்தான், அவர் நடையிலேயே தெரிந்தது.

"போதுமுங்கக்கா, ஊட்டுக்கு வாங்க," என்றேன் மெதுவாக.

அக்கா நிமிரவில்லை. "கூறு வைக்கப் போறாக தாயி. இப்பப் போனா நல்லா இருக்காது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலை பிடுங்கலில் எங்கள் பக்கத்துக் கூலி காசு இல்லை. ஒவ்வொருத்தியும் தான் பிடுங்கி ஆய்ந்த காயைத் தனிக் குவியலாகப் போடுவாள். பொழுது இறங்கியதும் வீட்டுக்காரர் குவியலைக் கூறு பிரிப்பார். கூலிக் கூறை வீட்டுக்காரி அள்ளி, அவரவர் மடியில் போட வேண்டும். பக்கத்து ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். புதிதாக வந்த நாலு ஆள் கூலி வாங்காமல் போனால் அன்று இரவே ஊரெல்லாம் பேச்சாகும். ஊர்ப் பேச்சு பொள்ளாச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அக்காவுக்கு இது என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது.

என் கணவர் கூறு பிரித்தார். அந்த நால்வரின் குவியலுக்கு வந்தபோது கூலிக் கூறைப் பெரிதாக வைத்தார். அந்தப் பெண்களில் ஒரு கிழவி, "இதென்னுங்க, அவங்களுக்கு மட்டும் ஒரு நாயமுங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் காதுவரை சிவந்துபோய்த் திரும்பக் குறைத்தார்.

அக்கா என் முன்னால் வந்து மடியை விரித்தார். என் தலையைச் சாய்த்துப் பேன் பார்த்த மடி அது. நான் முறத்தில் அள்ளினேன். நாலைந்து காய்கள் தரையில் உருண்டன.

"கை நடுங்காமப் போடு தாயி," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "எல்லாரும் பாக்குறாக."

போட்டேன். அடுத்தவளுக்கும் போட்டேன். அவர்கள் மற்ற ஆள்களைப் போலவே முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

இரவு பின்கட்டில் காப்பி எடை போட்டேன். காப்பி பொள்ளாச்சியில் வாங்கியது என்று நாத்தனார் சொன்னதையும் அக்காவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். என் கணவர் அன்று மாட்டிடம் போகவில்லை, நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். பணம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கப் பார்த்தேன். அக்கா எண்ணிப் பார்த்து மீதியைப் பாயில் வைத்துவிட்டார். இனி வரமாட்டார்கள், அடுத்த பூவை அந்த வியாபாரியிடமே கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டேன்.

"காப்பி ஒனக்குத்தேன்," என்றார் அக்கா. "ஆனா நாங்க கீழ வரல. நீ மேல வா. யாருன்னு ஊர்ல கேட்டா, காப்பி வாங்க வந்த யாவாரின்னுதேன் சொல்லுவோம். வேற மொற எதுவும் சொல்ல மாட்டோம். ஒனக்குச் சம்மதமா?"

நிலைப்படியில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும். "சம்மதமுங்கக்கா," என்றேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு ஒறம்பரை வீடுகளுக்கெல்லாம் போனோம். காந்தலூருக்குப் போகவில்லை. எப்படிப் போவது? பந்தியில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் கடலை பிடுங்கியவர்களை எப்படி உட்காரவைப்பது? அழைக்காததற்கு அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்கவும் இல்லை.

அடுத்த மாசியில் நான் தனியாக மலை ஏறினேன். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "காப்பி வாங்க கீழ இருந்து வந்திருக்காக," என்றார். முன்பு நான்கு பேர் கொடுத்தது போக, அன்று இன்னும் பல பெண்கள் பையோடு காத்திருந்தார்கள். பட்டப்பகலில் ஆண்கள் பார்க்க, நான் தராசைத் தூக்கிப் பிடித்தேன். அங்கே யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

எடை முடிந்ததும் அக்கா வீட்டுக்குள் போய் ஒரு துணி முடிச்சோடு வந்தார். காய்ந்த மலைப்பூண்டு. பெரிய பற்களாகப் பொறுக்கிக் கட்டியிருந்தார்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சா தாயி?"

"முடிஞ்சுதுங்கக்கா." கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வந்தது. தராசுத் தட்டைத் துடைத்து வைத்தேன்.

"இத அந்தப் பிள்ளைக்குக் குடு. முழுகாம இருக்கான்னு கேள்விப்பட்டேன். பிள்ள பெத்தா பாலு ஊற இந்தப் பூண்டுதேன் நல்லது." முடிச்சை என் பையில் வைத்துவிட்டு, யோசித்துச் சொன்னார்: "மாமியா கேட்டா, பொள்ளாச்சில வாங்குனதுன்னே சொல்லச் சொல்லு."