ஐம்பத்தைந்து நொடிப் பிரசங்கம்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எல்லோரும் வந்த நாள் என்று ஒன்று கிடையாது. டவுன்ஷிப்பில் அது நடக்காத காரியம். சுரங்கத்துக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். காலை ஷிப்டில் இருப்பவருக்குப் பிரசங்கம் இல்லை. இரவு ஷிப்டு முடித்துவிட்டு வருகிறவருக்கோ இரண்டாம் பாட்டிலேயே கண் சொருகிவிடும். அவர்களுக்காகத்தான் நான் எழுத ஆரம்பித்தேன். எனக்கு சுரங்க அலுவலகத்தில் ஸ்டெனோ வேலை. போதகர் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டுக்கு வந்து ஒரே பக்கமாக டைப் செய்து, நாற்பது பிரதி எடுத்து, ஷிப்டு பஸ் ஏறுகிறவர்களிடம் கொடுப்பேன். பதினான்கு வருஷம் இதைச் செய்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு யாராவது வந்து, "அக்கா, இந்த வாரம் உங்க தாள் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்கள். பேசியது போதகர், பாராட்டு மட்டும் 'உங்க தாளு'க்கு. ஊழியம் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கத்தான் ஞாயிறு மதியம் தூங்காமல் டைப் அடித்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அவள் வந்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண். கணவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. சபைக்கு வந்த மூன்றாம் மாதமே போதகரிடம் போய், "பாஸ்டர், நீங்க பேசறத ஒரு நிமிசம் ஒரு நிமிசமா வெட்டி போன்ல போடட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவரும் சரி என்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லைதான்.

முதல் மாதம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டுக்கும் கூத்துக்கும் நடுவில் ஆண்டவருடைய வார்த்தையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்தேன். பார்த்தார்கள். ஷிப்டு பஸ்ஸில் முன் சீட்டிலும் பின் சீட்டிலும் எங்கள் போதகரின் குரல் கேட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து யாரோ உறவுக்காரர் அனுப்பினார் என்று எங்கள் ஆட்களுக்கே அது திரும்பி வந்தது. ஒரு திங்கட்கிழமை நான் தாளை நீட்டினேன். பத்து வருஷமாக வாங்கிக்கொண்டிருந்த மனுஷர், "வேணாம்க்கா, அதான் போன்ல வந்துடுதே" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் என் போனில் நானே எடுத்துப் பார்த்தேன். பாதிப் படத்தில் என் கட்டைவிரல். மீதிப் பாதியில் முன்வரிசைக்காரரின் வழுக்கை. பிரசங்கம் கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. என் மகள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், போனில் இருந்து அதை எடுத்துவிட்டேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் என் மனசு ஆறியிருக்கும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் எந்த ஒரு நிமிஷம் ஜீவன் உள்ளது என்று அவளுக்குப் பிடிபட்டது. பல ஞாயிறுகளில் நான் குறிப்பில் அடிக்கோடு போட்ட அதே வாக்கியத்தில் அவளுடைய வீடியோ தொடங்கும். எனக்குப் பதினான்கு வருஷம் ஆகிக் கைவந்தது, அவளுக்கு மூன்று மாதத்தில் வந்திருந்தது.

எழுத்து மட்டும்தான் அவளிடம் தகராறு. படத்துக்குக் கீழே அவள் போடும் வரிகளில் பிழை மலிந்து கிடக்கும். ஒரு நாள் என்னிடம் வந்து, "அக்கா, நான் எட்டாவதோட நின்னுட்டேன். போடறதுக்கு முன்னால உங்களுக்கு அனுப்பறேன், கொஞ்சம் பாத்துத் திருத்திக் கொடுங்கக்கா" என்றாள். சரி என்றேன். "வெளிய சொல்லிக்காதம்மா, எனக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டாம்" என்றும் சொன்னேன். பெருமை வேண்டாம் என்பதெல்லாம் இல்லை. அவளுக்கு நான் எடுபிடி வேலை செய்கிறேன் என்று சபையில் யாரும் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவளும் நான் சொன்னபடியே யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எங்கள் போதகரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தவறான எண்ணத்தை உடைக்க வேண்டுமென்றால், முதலில் அந்த எண்ணம் உள்ளவராகவே மாறிப் பேசுவார். பிரசங்க மேடைக்கு இடப்பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, விரலை நீட்டி, குரலை உயர்த்தி, கேட்பவர் நடுங்கும்படி பேசுவார். அப்புறம் மேடைக்குத் திரும்பி வந்து வேதாகமத்தின் மேல் கையை வைத்து, "அப்படியா?" என்று மெதுவாகக் கேட்பார். அதிலிருந்து அவருடைய பதில் தொடங்கும். சபையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், ஐயா இடப்பக்கம் போனால் அது ஐயா பேசுவது இல்லை. என் சுருக்கெழுத்தில் அந்தப் பகுதிக்கு ஓரத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். தாளில் அதை எழுதவே மாட்டேன். பதிலை மட்டும்தான் எழுதுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாதியைப் பற்றிப் பேசினார். இடப்பக்கம் போய் நின்று, "உன் வியாதி ஏன் போகல? உன்கிட்ட விசுவாசம் இல்ல. நீ மாத்திரைய நம்புற, மிஷின நம்புற, ஆண்டவர நம்பல. நம்பினவன் இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்" என்று முழங்கினார். அப்புறம் திரும்பி வந்து அதை அக்கு அக்காகப் பிரித்தார். வைத்தியத்தைக் கொடுத்தவரும் ஆண்டவர்தான், வியாதிக்காரனைக் குற்றம் சொல்கிறவன்தான் அவிசுவாசி என்று முடித்தார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மதியம் மூன்று மணிக்கு அவளிடமிருந்து வீடியோ வந்தது. ஐம்பத்தைந்து நொடி. மேடையின் இடப்பக்கத்துப் பேச்சு மட்டும். அவள் போனை முகத்துக்கு நெருக்கமாக வைத்து எடுத்திருந்ததால், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே தெரியவில்லை. முகமும் நீட்டிய விரலும் மட்டும்தான். கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, கேள்விய இன்னிக்குப் போட்டுட்டு பதில நாளைக்குப் போடலாம்னு இருக்கேன். அப்பதான ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க. சரிங்களாக்கா?"

பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆராதனைக்கு வராதவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்காதவர்கள் அவர்கள். இதைத் தனியாகப் பார்த்தால் எங்கள் போதகரே சொன்னதாகத்தான் இருக்கும். 'இப்படிப் போடாதே, பதிலையும் சேர்த்துப் போடு' என்று டைப் செய்தேன். அனுப்புவதற்குள் நினைத்துப் பார்த்தேன். போட்டால் என்ன? நாளைக்குப் போதகர் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போடுவார். எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே, ஒரு தடவை சறுக்கட்டும். டைப் செய்ததை அழித்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது, பிழை எதுவும் இல்லை, போடு' என்று அனுப்பினேன். பிறகு என் தாளை டைப் செய்ய உட்கார்ந்தேன். அன்றைக்கு வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

எங்கள் பிளாக்கிலேயே ஒருவர் இருந்தார். சுரங்கத்தில் ஆபரேட்டர். சிறுநீரகம் பழுதாகி மெடிக்கல் லீவில் இருந்தார், வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். உடம்பு முடியாததால் அந்த வாரம் ஆராதனைக்கு வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் யாரோ அனுப்பிய அந்த ஐம்பத்தைந்து நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். திங்கட்கிழமை டயாலிசிஸுக்குக் கிளம்பச் சொன்னபோது, வேண்டாம் என்று ஜெபம் பண்ண உட்கார்ந்துவிட்டாராம். அவள் பதில் வீடியோவைப் போட்டபோது அவருடைய போன் அலமாரியில்தான் இருந்தது. செவ்வாய் காலையில் மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் செவ்வாய் மதியம் பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் இருந்து போதகருக்குப் போன் செய்து, "ஐயா, அவருக்கு விசுவாசம் இல்லைன்னு நீங்க எப்படி சொல்லலாம்?" என்று கேட்டுவிட்டு அழுததை எனக்கு அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் எழுந்து கழிவறைக்குப் போனேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு, போனை எடுத்து, அவளுக்கு ஞாயிறு அன்று அனுப்பியதைத் தேடினேன். இருவரிடமிருந்தும் அழிக்கும் வசதி இன்னும் இருந்தது. அழித்தேன். அவள் அனுப்பியிருந்த வீடியோவையும் குரல் பதிவையும் என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மனுஷருக்காக ஜெபம் செய்ய வேண்டும் என்பது அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. நான் பெண்கள் பக்கத்துப் பிரதிநிதி, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். செயலாளர், "போடறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினியாம்மா?" என்றார். அவள் கையில் போன் இருந்தது. அதைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க. நானேதான் பாத்துக்கினு போட்டேன்."

அவள் வீடியோ போடும் கணக்கை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இனி எது போனாலும் என் பார்வையில்தான் போக வேண்டும். அவள் கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி, இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அந்த நிமிஷமும் எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது. காட்டிக் கொடுக்காமல் நின்றாளே, எவ்வளவு பெரிய மனசு, அதுவும் இவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று இருந்தது.

கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன். "எதுக்கும்மா என்னச் சொல்லாம விட்ட?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எப்டிக்கா சொல்றது? நீங்க போடச் சொன்னத நீங்கதான் அழிச்சிட்டீங்களே. நான் அனுப்பினது மட்டும் இருந்து என்ன? நான் வெறும் வாயால சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க குவார்ட்டர்ஸு, பெர்மனென்ட்டு. நாங்க வாடகை வூடு" என்றாள். மந்தாரக்குப்பம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். மறு வாரத்திலிருந்து அவள் எங்கள் சபைக்கு வரவில்லை.

இரண்டு ஞாயிறு பொறுத்தேன். மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போதகரும் செயலாளரும் உள்ளறையில் இருக்கும்போது போய் நின்றேன். "ஐயா, அந்த வீடியோவ நான் பாத்தேன். தப்புன்னு தெரிஞ்சேதான் போடச் சொன்னேன்" என்றேன். போனைத் திறந்து காட்டினேன். செய்தி நீக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் அதில் இருந்தது.

செயலாளர் சிரித்தார். "அக்கா, அந்தப் பொண்ணு உங்க எடத்தையே எடுத்துக்கிச்சு. அப்பவும் அதுக்காகப் பழிய உங்க மேல போட்டுக்க வர்றீங்க பாருங்க" என்றார். போதகர் எழுந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த மனசு யாருக்கும்மா வரும்?" என்றார்.

இல்லை ஐயா, நிஜமாகவே நான்தான் என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். பதினான்கு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.