சாவியத் தாங்க அண்ணாச்சி

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் பலகைக்குப் பல் விளக்கிக்கொண்டிருக்கிறாள் சங்கரேஸ்வரி. நான்கடி நீளம், ஆரஞ்சு நிறம், கெட்டிப் பிளாஸ்டிக். மேலெல்லாம் வரிசை வரிசையாகக் கட்டைப் பற்கள். சேற்றில் புதைந்த சக்கரத்துக்கு அடியில் செருகினால், டயர் அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவரும். விளக்கி முடித்ததும் ஒவ்வொரு வரிசையையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். "ஒண்ணு மழுங்குனாலும் எனக்குத் தெரிஞ்சிரும்" என்கிறாள்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில், வண்டி நிறுத்தும் மண் திடலின் ஓரத்தில் அவளுக்கு ஒரு சோளக்கதிர்க் கடை. சாரல் தொடங்கிவிட்டால் திடல், தொழி அடித்துச் சேறாக்கிய வயல்தான். புதைந்த கார்களைத் தள்ளித் தள்ளித் தோள் கழன்ற பிறகு, போனில் பார்த்து இரண்டு ஜோடி பலகை வரவழைத்தாள். பார்சலைப் பிரித்த கணவர் வேல்சாமி, "ஏட்டி, இதென்ன, பல்லி ஏறுத ஏணியா?" என்று சிரித்தார். இப்போது அவர் கதிர் சுடுகிறார். அவள் வண்டி எடுக்கிறாள்.

வீரகேரளம்புதூர்ப் பக்கம் அப்பாவின் வயலில் டிராக்டர் ஓட்டியவள். சேறு அவளுக்குப் புதிதா என்ன? முதலில் மண்வெட்டி. பிறகு, டயர் லேசாகத் தொப்பை தள்ளும்வரை காற்றை இறக்குவாள். அப்புறம்தான் பலகை. கயிறு கட்டி இழுப்பது கடைசி வழி. அப்போதும் கயிற்றின்மேல் நனைந்த சாக்கைப் போட்டுவிடுவாள், அறுந்தால் யார்மேலும் பாயக் கூடாதென்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு நிபந்தனை: "சாவியத் தாங்க அண்ணாச்சி."

அங்கேதான் நம் ஆண்பிள்ளைச் சிங்கங்களுக்குப் பொறுக்காது. அவர்களே ஏறி மிதிப்பார்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுழலும், ரப்பர் கருகும், பலகையின் பற்கள் உருகி வழிந்துபோகும். அப்படி மொட்டையான ஒரு ஜோடி இப்போது அடுப்புக்குச் சாரல் மறைப்பாக நிற்கிறது. மிச்சம் ஒரே ஜோடி. அடுத்தது வந்து சேரப் பத்து நாளாகும். அதற்குள் சாரலே போய்விட்டால்? அதனால் இந்த வருடம் அவள் படு கறார். சாவி தராவிட்டால் பலகை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டியது ஒரு மலை ஏறும் ஜீப். பாளையங்கோட்டை ஜெகதீஸ்வரனுடையது. முன்னால் கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச், இரண்டு சிவப்புக் கொக்கி, உறை பிரிக்காத நைலான் பெல்ட். அட, கூரையில் அவளுடையதைவிட உசத்தியான பலகைகளே இருந்தன, பூட்டுப் போட்டு. பூட்டின் சாவி வீட்டில்! வின்ச் கம்பியை மாட்ட எதிரே மரமும் இல்லை. மனிதர் மிதித்து மிதித்து வண்டியை அச்சுவரை இறக்கியிருந்தார்.

"சாவியத் தாங்க அண்ணாச்சி."

"என் வண்டிய வெளியாள் கையில குடுத்ததே இல்லம்மா. பலகைய மட்டும் தா."

சங்கரேஸ்வரி பலகைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. அவளுக்கும் உள்ளுக்குள் பதைப்புதான். இந்த சீசனே அந்தப் பற்களில்தான் இருந்தது. குடை பிடித்து நின்ற அவருடைய மனைவி உமாதேவி பக்கம் திரும்பினாள்.

"மதினி, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் எடுத்து எட்டு வருசமாச்சு. இவுக தந்தாத்தான!"

"மதினி என்ன வெளியாளா அண்ணாச்சி?"

வேல்சாமி கதிரைத் திருப்ப மறந்து கருகவிட்டார். திடலே பார்த்துக்கொண்டிருக்க, சாவி மனைவியின் கைக்கு மாறியது.

சங்கரேஸ்வரி மண்ணைத் தோண்டி, காற்றை இறக்கி, பலகைகளைச் செருகிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றாள். "பைய மதினி, பைய. எறும்பு ஊருத மாதிரி. மிதிச்சிராதீய." வண்டி ஒரு முனகல் முனகியது. டயர் பல்லைப் பிடித்தது. அலுங்காமல் ஏறி, தார்ச்சாலையில் போய் நின்றது. திடலில் இருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

உமாதேவி இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. ஜெகதீஸ்வரன் வழக்கம்போல வலப்பக்கக் கதவுக்குப் போய் நின்றார், அது திறக்கவில்லை. பஞ்சாயத்துக்கு ஆள் தேடுகிறவர் போலச் சங்கரேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சேற்றில் குந்தி, பலகையின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைவரை எல்லாப் பல்லும் இருந்தது. தலையை நிமிர்த்தாமலே, தாடையால் இடப்பக்கக் கதவைக் காட்டினாள்.