பிரிண்டருக்குப் பின்னால் வைத்த கருவி

அப்போது படூரில், ஒரு அடுக்ககத்தின் ஆறாவது மாடியில் தனியாக இருந்தேன். கம்பெனிகளின் நெட்வொர்க்கில் அவர்கள் அனுமதியோடு நுழைந்து பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். டெலிவரிக்காரரிடம் ஓடிபி சொன்னதைத் தவிர வாயே திறக்காத நாட்கள் உண்டு.

அந்த முறை மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று. வெளியாள் ஒருவர் உள்ளே வந்து ஒரு கருவியை மாட்டிவிட்டுப் போனால் யாராவது கவனிப்பார்களா என்று பார்க்க வேண்டும். அங்கே ஐடி மேலாளருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

எந்தக் கருவி என்று முடிவு செய்யவே நாலு நாள் ஆனது. பென் டிரைவ் போன்ற ஒரு கருவி, திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் கிடைத்தால்தான் உதவும். ஒரே போர்டில் அடங்கும் சின்ன கம்ப்யூட்டரை, இடுக்கில் தாங்குமா என்று வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓடவிட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் கை வைக்க முடியாத சூடு. கடைசியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரவுட்டரை எடுத்தேன். சுவருக்கும் பிரிண்டருக்கும் நடுவே கேபிளில் கோத்துவிடலாம். மின்சாரத்தைப் பிரிண்டரின் யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினேன். வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாதபடி மெமரி கார்டைப் பூட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என் லேப்டாப்புக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வழக்கமாக 'ஓகே' என்று வைப்பேன். அன்று ஏனோ 'இருக்கேன்' என்று வைத்தேன்.

திங்கட்கிழமை பிரிண்டர் சர்வீஸ் ஆள் போலப் போய் மாட்டிவிட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"பிரிண்டரு ரிப்பேராமா?"

"ஆமாக்கா."

"மூஞ்சி வாடிக்கீது. நாஸ்தா துன்னியா இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் என்னைப் பேன்ட்ரிக்குக் கூட்டிப் போனார். டப்பா மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தைத் தள்ளிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது எதிரே ஒருவர் இருந்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

இரண்டு நாள் செய்தி தவறாமல் வந்தது. சமைக்கும்போதும் லேப்டாப்பைத் திறந்தே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு நின்றது. மேலாளருக்குப் போன் செய்தேன். "எங்க டீம் எதையும் பாக்கலியே மேடம்" என்றார்.

கேளம்பாக்கம் போய் பஸ் பிடித்து அங்கே போனேன். கருவி செக்யூரிட்டி மேசையில், ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. கழற்றிக் கொடுத்தது அந்த அக்கா. மேலாளர் அவரைக் கூப்பிட்டு, இது ஒரு சோதனை என்று விளக்கி, "சந்தேகப்பட்டு எடுத்துட்டீங்க, சூப்பர்" என்று கை குலுக்கினார்.

"சந்தேகம்லாம் இல்ல சார். தெனம் தொடைக்கிற எடம், ரெண்டு நாளா புதுசா ஒண்ணு கீது. இந்தப் பொண்ணு மறந்து வெச்சிட்டுப் போயிடுச்சி, தொலைஞ்சா வேலை பூடும்னு எடுத்துக் குட்த்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்போ ரிப்பேருன்னு சொன்னது?"

"வெளிய சொல்லக் கூடாதுக்கா. என் வேலையே அதான்."

"சரிமா." பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது மதியச் சாப்பாட்டு நேரம். பேன்ட்ரியில் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் கவரை வாங்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தேன்.

அறிக்கையில், கருவியைக் கண்டுபிடித்தவர் துப்புரவுப் பணியாளர் என்று எழுதினேன். புதிதாக எதையாவது பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று சேர்த்தேன். ஏன் கழற்றினார் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் 'சந்தேகம்' என்று போடச் சொன்னார் மேலாளர். நான் 'அக்கறை' என்று போட்டு அனுப்பினேன். யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.